சிம்மைத் தூக்கிப் போடும் முன்: பழைய கணக்குகளை ஒழுங்கு செய்வது எப்படி

புது வேலை, புது ஊர் என்று கிளம்பும்போது பலரும் முதலில் பழைய சிம்மைத்தான் கழற்றி வீசுகிறார்கள். பேங்க், ஆதார், பிஎஃப், ஜிமெயில், சிலிண்டர் என எல்லா ஓடிபியும் வருவது அந்த எண்ணுக்குத்தான். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கலாம். அப்புறம் உங்கள் ஓடிபி அவர் கைக்குப் போகும். ஆகவே எல்லாக் கணக்கிலும் எண்ணை மாற்றி முடிக்கும்வரை பழைய சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு வையுங்கள்.

மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒருவருக்கு 9 வரை அனுமதி. உங்களுடையது அல்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுத்துவிடலாம்.

பேங்க் எண்ணை முதலில் மாற்றுங்கள். அடுத்து ஆதார், பிறகு பிஎஃப். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனி மாறி மாறி வேலை பார்த்தவர்களுக்கு யுஏஎன் என்கிற பிஎஃப் அடையாள எண் இரண்டு இருக்க வாய்ப்புண்டு. பழைய சம்பளச் சீட்டுகளில் உள்ள 12 இலக்க எண்களை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். புது எண்ணில் யுபிஐ பதிந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரம்பு இருக்கும். வாடகை அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜிமெயிலில் மீட்பு எண்ணை (பாஸ்வேர்டு மறந்தால் குறியீடு வரும் எண்) மாற்றினாலும், 7 நாள் வரை பழைய எண்ணுக்கே கூகுள் குறியீடு அனுப்பக்கூடும். சிம்மை விடக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். இரண்டு வருடம் திறக்காத கூகுள் கணக்கை மெயில், போட்டோவோடு அழித்துவிடும் விதியும் இருக்கிறது. பழைய கணக்கு வேண்டாமென்றால் கணக்கில் உள்ளதை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் எல்லாவற்றையும் இறக்கி, பென் டிரைவில் போட்டுத் திறந்து பார்த்த பிறகு கணக்கை மூடுங்கள்.

பிரவுசிங் சென்டரில் தொடங்கிய கணக்குகள்தான் பெரிய தலைவலி. ஸ்காலர்ஷிப், வேலைவாய்ப்புப் பதிவு, பான் கார்டு என அவசரத்தில் கடைக்காரர் தன் மெயிலையோ எண்ணையோ போட்டிருப்பார், பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கும். அவர்மேல் தப்பு என்றில்லை, உங்களிடம் மெயில் இல்லாத காலம் அது. தளம் தளமாக நுழைந்து மெயிலையும் எண்ணையும் உங்களுடையதாக மாற்றுங்கள், பாஸ்வேர்டை அதற்குப் பிறகு மாற்றுங்கள். வரிசை தலைகீழானால் பாஸ்வேர்டு மாற்றும் ஓடிபி கடைக்காரருக்கே போகும். ஜிமெயிலின் பாதுகாப்புப் பக்கத்தில் ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலில் கடைக் கம்ப்யூட்டர் இன்னும் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள்.

முகவரியில் வடாற்காட்டுக்காரர்களுக்கு, அதாவது பழைய வேலூர் மாவட்டத்தாருக்கு, ஒரு தொல்லை உண்டு. 2019-இல் அந்த மாவட்டம் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்றானது. பழைய சான்றிதழில் ‘வேலூர் மாவட்டம்’ என்றிருந்தால் அது பிழையல்ல. புது விண்ணப்பத்தில் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூரையும், ஆற்காடு, அரக்கோணத்துக்காரர்கள் ராணிப்பேட்டையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலூரை அழுத்திவிட்டுத் தாலுகா பட்டியலில் தேடினால் உங்கள் ஊர் வராது. பின்கோடு மாறவில்லை, ஆம்பூருக்கு அதே 635802 தான்.

சான்றிதழ்களில் கிடைப்பதை அரசின் டிஜிலாக்கர் செயலியில் எடுங்கள், மீதியை ஸ்கேன் செய்யுங்கள். கோப்புப் பெயரை ஆங்கிலத்தில், வருடம் முன்னால் வர, இடைவெளி விடாமல் வையுங்கள். தமிழ்ப் பெயரை ஏற்காத தளங்கள் உண்டு. புகைப்படம் 50 கேபிக்குள், கையெழுத்து 20 கேபிக்குள் ஒவ்வொரு பிரதி தயாராக இருந்தால் கடைசி நாளில் ஓட வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்ததும் ஜிமெயிலில் இரட்டைச் சரிபார்ப்பைப் (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போட்டு, போன் கையில் இல்லாதபோது நுழைய கூகுள் தரும் 10 பேக்அப் எண்களைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு உறைக்குள் வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குத்தான், பயன்படுத்தியதைப் பேனாவால் அடித்துவிடுங்கள். புதுசாகப் பத்து எடுத்தால் பழைய தாள் செல்லாது, அதைக் கிழித்துப் போடுங்கள்.