எடை குறைக்கும் ஊசியோடு உடற்பயிற்சி: முதல்முறை தொடங்குபவர்களுக்கு

செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற மருந்துகள் பசியை அடக்கி எடையைக் குறைக்கின்றன. ஆனால் கொழுப்போடு தசையும் கொஞ்சம் கரைகிறது. அதனால் ‘முதலில் எடை குறையட்டும், அப்புறம் பயிற்சி’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

டென்மார்க்கில் 195 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களுக்கு அடுத்த ஓராண்டு, இதே போலப் பசியை அடக்கும் லிராக்ளூடைட் ஊசி, கண்காணிப்புடன் பயிற்சி, இரண்டும், அல்லது போலி மருந்து தரப்பட்டது. இரண்டும் பெற்றவர்களின் கொழுப்பு விகிதம், ஒன்றை மட்டும் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு குறைந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி ஓராண்டு கழித்தும், ஊசி மட்டும் போட்டவர்களைவிட இவர்களின் எடை சராசரியாக 5 கிலோ குறைவு.

படி 1: மருத்துவரிடம் கேளுங்கள்

இதயம், ரத்த அழுத்தம், மூட்டு பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அந்த மருந்துகளின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். கையில் குளுக்கோஸ் வைத்திருங்கள்.

படி 2: மேற்பார்வைக்கு ஆள் தேடுங்கள்

பிசியோதெரபிஸ்ட்டோ தகுதியுள்ள பயிற்சியாளரோ போதும். என்ன மருந்து, என்ன டோஸ் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாளே, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். எடைத் தராசு காட்டாத முன்னேற்றத்தை இந்த எண்ணிக்கை காட்டும்.

படி 3: தசைப் பயிற்சி, வாரம் 2 நாள்

என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரெசிஸ்டன்ஸ் பேண்டை (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை) மார்பை நோக்கி இழுப்பது: இந்த மூன்றில் தொடங்கலாம். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, 2 சுற்று. இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். 12 முறை சுலபமாக வந்தால் பயிற்சியின் பளுவைக் கொஞ்சம் கூட்டுங்கள். எவ்வளவு கூட்டுவது, முதுகு வளைகிறதா, மூச்சை அடக்குகிறீர்களா என்று பார்த்துச் சொல்லத்தான் மேற்பார்வைக்கு ஓர் ஆள்.

படி 4: நடை

10 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 150 நிமிடம் வரை மெல்ல உயர்த்துங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அந்த வேகம் சரி.

படி 5: டோஸ் கூடும் வாரங்கள்

குமட்டல் அதிகம் வருவது அப்போதுதான். பயிற்சியை விட்டுவிடாமல் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே செய்ய வேண்டாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்று ஓய்வு; தண்ணீர் முக்கியம். கடுமையான வயிற்று வலி, நெஞ்சு வலி, மயக்கம் என்றால் உடனே மருத்துவ உதவி பெறுங்கள்.

படி 6: புரதம்

பசி இல்லாததால் சாப்பாடு குறையும், புரதமும் சேர்ந்தே குறையும். தட்டில் புரத உணவை முதலில் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ மருத்துவர் முடிவு செய்தால், பயிற்சியாளரிடம் அன்றே சொல்லுங்கள். பசி திரும்பும் அந்த மாதங்களில் ஒரு வகுப்பைக்கூடக் குறைக்க வேண்டாம்.