அப்பா இருக்கும்போதே அந்த ட்ரங்க் பெட்டிய தொறந்து பாருங்க

எங்க அப்பா ராணுவத்துல எம்இஜின்னு சொல்ற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்ல ஹவில்தாரா 17 வருஷம் இருந்துட்டு கடலூருக்கு வந்தாரு. வரும்போது கூடவே ஒரு கருப்பு ட்ரங்க் பெட்டி, மேல வெள்ள பெயிண்ட்டுல அவரு நம்பரும் பேரும். அவரு போற வரைக்கும் அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது, தெரிஞ்சிருந்தா எங்க அம்மா 14 மாசம் ஃபேமிலி பென்ஷன் வராம அலைஞ்சிருக்க மாட்டாங்க. அம்மாவ வீட்ல கூப்பிடுற பேர சொல்லி கல்யாணமான புதுசுலயே அப்பா யூனிட்ல பதிஞ்சிட்டாரு, ஆதார்லயும் ரேஷன் கார்டுலயும் இருக்கறது பள்ளிக்கூடத்துப் பேரு, அவ்ளோதான் வித்தியாசம். ஒரு ஆபீஸ்ல "இந்த அம்மாதான் அந்த அம்மாங்கறதுக்கு என்ன ஆதாரம்"னு கேட்டப்ப அம்மா பதில் சொல்ல முடியாம நின்னது இன்னும் என் கண்ணுல இருக்கு. வேற ஒரு வீட்ல இது நடக்கக்கூடாதுன்னுதான் இத எழுதறேன்.

சரி, முதல் வேலை. ஞாயித்துக்கிழம சும்மா இருக்கும்போது அப்பாவ பக்கத்துல உக்கார வச்சிட்டு பெட்டிய தொறங்க. டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் வழங்கற உத்தரவு), எக்ஸ் சர்வீஸ்மேன் அடையாள அட்டை, ஈசிஹெச்எஸ்னு சொல்ற வைத்தியத் திட்டத்தோட கார்டு, ஆர்மி குரூப் இன்சூரன்ஸ் பேப்பர் இருந்தா அதுவும், எல்லாத்தையும் எடுத்து வரிசையா வைங்க. பக்கத்துலயே அம்மாவோட ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக். இப்ப எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க, பேரு, இனிஷியல், பொறந்த தேதி. எங்க பக்கத்துல அஞ்சலைன்னு நிறைய பேர் இருக்காங்க, பிபிஓல அஞ்சலை, ஆதார்ல அஞ்சலாட்சின்னு இருந்தா போதும், ஃபைல் அங்கேயே நின்னுடும்.

பொறந்த தேதிய பலபேரு கண்டுக்கறதே இல்ல, ஆனா அதுல பெரிய பணம் இருக்கு. பென்ஷன் வாங்கறவருக்கு 80 வயசு ஆனா 20 சதவீதம் கூடுதலா வரும், 85ல 30, 90ல 40, 95ல 50, 100 வயசுல பென்ஷன் அளவுக்கே இன்னொரு பங்கு. ஃபேமிலி பென்ஷன் வாங்கற அம்மாவுக்கும் இது உண்டு, ஆனா பதிவுல அம்மாவோட பொறந்த தேதியே இல்லன்னா 80 முடிஞ்சதும் ஏத்தணும்னு சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும், அதனால பல கெழவிங்களுக்கு அது வராமலே போயிடுது.

தப்பு இருந்தா திருத்தறது எப்படின்னா, அந்த ரெண்டு பேருலயும் இருக்கறது ஒரே ஆள்தான்னு ஒரு அஃபிடவிட், ஆதார் பான் நகல், அப்பா கையெழுத்துப் போட்ட விண்ணப்பம், இத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியா அவரு படைப்பிரிவோட பணிப் பதிவு இருக்கற ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பணும். மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா வெலிங்டன், எம்இஜின்னா பெங்களூரு, சிக்னல்ஸ்னா ஜபல்பூர், ஈஎம்இன்னா செகந்திராபாத், ஆர்ட்டிலரின்னா நாசிக் ரோடு. ஏர்ஃபோர்ஸ்காரங்களுக்கு டெல்லி சுப்ரோட்டோ பார்க். அங்க பதிவ திருத்தினப்புறம் பிரயாக்ராஜ்ல இருக்கற பென்ஷன் ஆபீஸ் திருத்தின பிபிஓ போடும். அப்பா உயிரோட இருந்தா அவரே கையெழுத்துப் போட்டு முடிச்சிடலாம், அவரு இல்லாதப்ப அதே வேலைக்கு பத்து பேப்பர் கேப்பாங்க. அதனாலதான் திரும்பத் திரும்ப சொல்றேன்.

நம்ம பக்கத்துல இன்னொரு குழப்பம் இருக்கு. முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ரெட்டிச்சாவடின்னா கடலூர் மாவட்டம், அந்தப் பக்கம் கன்னியக்கோயில் பாகூர்னா புதுச்சேரி, அங்க சைனிக் வெல்ஃபேர் டிபார்ட்மெண்ட் தனி. நீங்க எந்தப் பக்கம் குடியிருக்கீங்களோ அந்த ஆபீஸ்லதான் பதிவு இருக்கணும். கடலூர்ல பதிஞ்சிட்டு வீட்ட பாகூர்ல கட்டிட்டுப் போனவங்க பதிவ மாத்தாம விட்டுடறாங்க, பொண்ணு கல்யாண உதவிக்கு போகும்போது "உங்க பேரு இங்க இல்லையே"ன்னு திருப்பி விடறாங்க. மாநில உதவிகள் ரெண்டு பக்கமும் வேற வேற, தமிழ்நாட்டுல தொகுப்பு நிதின்னு ஒன்னுலருந்து தராங்க, புதுச்சேரிக்கு அவங்க கணக்கு. டெல்லில இருக்கற கேந்திரிய சைனிக் போர்டு உதவி மட்டும் ரெண்டு பக்கமும் ஒன்னுதான்.

அந்த டெல்லி உதவிங்க 2025 நவம்பர் 1லருந்து ரெண்டு மடங்கா ஆயிருக்கு, இது நிறைய பேருக்கு இன்னும் தெரியல. பென்ஷனே இல்லாத, 65 வயசு தாண்டின, வேற வருமானம் இல்லாத முன்னாள் படைவீரருக்கும், அப்படிப்பட்டவரு தவறிட்டா அவரோட மனைவிக்கும் மாசம் 4,000 இருந்தது இப்ப 8,000. அஞ்சாறு வருஷத்துலயே வெளிய வந்துட்டு பென்ஷன் இல்லாம கூலி வேல பாத்து வயசானவங்க நம்ம ஊர்ல இருக்காங்க, உங்க தெருவுல இருந்தா தயவுசெஞ்சு நீங்களே கூட்டிட்டுப் போங்க, அவங்களா போக மாட்டாங்க. படிக்கற புள்ளைங்க ரெண்டு பேர் வரைக்கும் ஒன்னாங்கிளாஸ்லருந்து டிகிரி வரைக்கும் தலைக்கு மாசம் 2,000. பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு லட்சம், ரெண்டு பொண்ணு வரைக்கும், கணவர இழந்தவங்க மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாலும் அதே தொகை. படிப்பு உதவியும் கல்யாண உதவியும் ஹவில்தார் ராங்க் வரைக்கும்தான், கல்யாண விண்ணப்பத்த 180 நாளுக்குள்ள போட்டாகணும். கல்யாண வேலைல ஆறு மாசம் எப்படிப் போகும்னே தெரியாது, மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கற அன்னைக்கே இதையும் நோட்டுல எழுதி வச்சிடுங்க.

பன்னெண்டாவதுல 60 சதவீதத்துக்கு மேல எடுத்து தொழிற்படிப்புல சேர்ற புள்ளைங்களுக்கு பிரதம மந்திரி ஸ்காலர்ஷிப் தனியா இருக்கு, பொண்ணுங்களுக்கு மாசம் 3,000, பசங்களுக்கு 2,500, கேந்திரிய சைனிக் போர்டு வெப்சைட்லதான் போடணும், வருஷத்துக்கு 5,500 பேருக்கு. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல முன்னாள் படைவீரர் புள்ளைங்களுக்கு 150 சீட் ஒதுக்கீடு இருக்கு, அதுக்கு நம்ம முன்னாள் படைவீரர் நல ஆபீஸ் சர்டிபிகேட் வேணும், ரிசல்ட் வந்தப்புறம் ஓடினா கூட்டம் தாங்காது, முன்னாடியே வாங்கி வைங்க.

இப்ப யாரும் பேச விரும்பாத விஷயம். அப்பா தவறிட்டா வரிசையா என்ன செய்யணும்னு சொல்றேன். இறப்புச் சான்றிதழ் குறைஞ்சது பத்து நகல் வாங்குங்க. பென்ஷன் ஸ்பர்ஷ்ங்கற ராணுவ பென்ஷன் ஆன்லைன் சிஸ்டத்துல வருதுன்னா அதுல இறப்ப உடனே தெரிவிக்கணும், நம்ம ஆபீஸ்லயும் சொல்லணும். தெரிவிக்காம விட்டு அடுத்தடுத்த மாசம் அவரு கணக்குல பென்ஷன் ஏறினா அத எடுத்து செலவு பண்ணிடாதீங்க, பின்னாடி அம்மா பென்ஷன்லருந்து பிடிச்சிடுவாங்க, காரியச் செலவுக்கு எடுத்துட்டு அப்புறம் தவிச்ச குடும்பத்த நான் பாத்திருக்கேன். அப்புறம் ஃபேமிலி பென்ஷனுக்கு அம்மா பேர்ல விண்ணப்பம், ஆர்மி குரூப் இன்சூரன்ஸ்ல நீட்டிச்ச காப்பீடு இருந்துச்சான்னு டிஸ்சார்ஜ் பேப்பர்ல பாத்து அதுக்கும் ஒரு விண்ணப்பம், ஈசிஹெச்எஸ் கார்ட அம்மா பேருக்கு மாத்தறது, அம்மாவுக்கு விதவை அடையாள அட்டை.

பணம் எவ்ளோ வரும்னு ஒரு கணக்கு தெரிஞ்சிக்கங்க. சாதாரண ஃபேமிலி பென்ஷன் கடைசி சம்பளத்துல 30 சதவீதம், 9,000க்கு கொறையாது, அதுக்கு மேல டிஏ. ஆனா ரிட்டயர்ட் ஆனவரு சீக்கிரமே தவறிட்டா மொதல்ல கொஞ்ச காலம் 50 சதவீதம் வரும், ஏழு வருஷம் இல்லன்னா அவருக்கு 67 வயசு ஆகியிருக்க வேண்டிய தேதி, எது முன்னாடி வருதோ அது வரைக்கும். அப்புறம் 30க்கு எறங்கும். அப்படி எறங்கும்போது யாரோ ஏமாத்திட்டாங்கன்னு பயந்து அழற அம்மாக்கள் நிறைய, அது விதிப்படிதான். பணியால சாவு நேர்ந்தா 60 சதவீதம், போர்லன்னா 100. கல்யாணமாகாத, கணவர இழந்த, விவாகரத்தான பொண்ணுக்கும், சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளி புள்ளைக்கும் அம்மாவுக்கப்புறம் ஃபேமிலி பென்ஷன் கிடைக்க வழி இருக்கு, ஆனா அந்தப் புள்ள பேரு ரெக்கார்டுல இருக்கணும். அந்த மாதிரி புள்ள இருக்கற வீடுன்னா நாளைக்கே பாருங்க.

வருஷா வருஷம் லைஃப் சர்டிபிகேட் மறக்காதீங்க, மறந்தா பென்ஷன் நின்னுடும். மொபைல்ல மொகத்த காட்டியே ஜீவன் பிரமாண் போடலாம், நடக்க முடியாதவங்களுக்கு போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து செய்வாரு.

வைத்தியம். ஈசிஹெச்எஸ் 2003 ஏப்ரல் 1லருந்து இருக்கு, பென்ஷன் வாங்கற முன்னாள் படைவீரருக்கும் குடும்பத்துக்கும். ஈசிஹெச்எஸ் நடத்தற பாலிகிளினிக்குக்கு மொதல்ல போகணும், அவங்க ரெஃபர் பண்ணினா பட்டியல்ல இருக்கற தனியார் ஆஸ்பத்திரில காசு கட்டாம பாத்துக்கலாம். நெஞ்சு வலி மாதிரி அவசரம்னா ரெஃபரல் தேடி நிக்காதீங்க, கிட்ட இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போங்க, பட்டியல்ல இல்லாத ஆஸ்பத்திரியா இருந்தா 48 மணி நேரத்துக்குள்ள பாலிகிளினிக்குக்கு தகவல் சொல்லிடுங்க, அப்பத்தான் பில்லு பணம் திரும்ப கிடைக்கும். பையன் பேரு 25 வயசு வரைக்கும்தான் கார்டுல, பொண்ணுக்கு வேலையோ கல்யாணமோ ஆகற வரைக்கும்.

வேலைன்னா தமிழ்நாட்டுல டெக்ஸ்கோன்னு முன்னாள் படைவீரர் கழகம், 1986ல ஆரம்பிச்சது, செக்யூரிட்டி வேலைக்கு அங்கதான் பதிவாங்க. சொந்தமா தொழில் பண்ணணும்னா முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்துல ஒரு கோடி வரைக்கும் பேங்க் கடன், 30 சதவீதம் மூலதன மானியம், வட்டில 3 சதவீதம் மானியம். மத்திய அரசு குரூப் சி வேலைல 10 சதவீதம் ஒதுக்கீடு, வயசு கணக்குல சர்வீஸ் வருஷத்த கழிச்சிட்டு மேல மூணு வருஷம் தளர்வு.

எல்லாம் சரியா குடுத்தும் இழுத்தடிச்சாங்கன்னா எழுத்துல கேளுங்க, வாய்ல கேக்காதீங்க, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ரசீது வாங்குங்க, எங்க கேஸ்ல கடைசில உதவினது அந்த ரசீதுங்கதான். மஞ்சக்குப்பத்துல கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழம குறைதீர்ப்பு நாள்ல மனு குடுக்கலாம். பென்ஷன் வழக்குன்னா ஆயுதப்படை தீர்ப்பாயம், சென்னைலயே அமர்வு இருக்கு. 2025 ஜூலைல வீர் பரிவார் சகாயதா யோஜனான்னு இலவச சட்ட உதவியும் தொடங்கியிருக்காங்க, சைனிக் போர்டு ஆபீஸ்கள்லயே சட்ட உதவி மையம் வைக்கறதுதான் அந்தத் திட்டம், நம்ம ஆபீஸ்ல எப்ப வக்கீல் வராருன்னு கேட்டு வைங்க.

அப்புறம் அந்தப் பெட்டிய கட்டிலுக்கு அடில வைக்காதீங்க. 2011 தானே புயல்ல கூர பறந்த வீடுங்களும், 2024 ஃபெஞ்சல்ல தென்பெண்ணை தண்ணி உள்ள வந்த வீடுங்களும் நம்ம ஊர்லதான். டிஸ்சார்ஜ் புக் நனைஞ்சி ஒட்டிப்போனா மறுபடி வாங்கறதுக்கு போலீஸ் ஸ்டேஷன், அஃபிடவிட், ரெக்கார்ட் ஆபீஸ்னு மாசக்கணக்குல ஆகும். எல்லாத்தையும் போட்டோ எடுத்து ரெண்டு பேர் மொபைல்ல வைங்க, ஒரிஜினல பிளாஸ்டிக் கவர்ல போட்டு மேல பரண்ல.