கீபோர்டின் சீக்வென்சரில் பாட்டைப் பதிவு செய்து திருத்துவது எப்படி?

கீபோர்டில் உள்ள சீக்வென்சர் ஒலியைப் பதிவு செய்வதில்லை. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்பதை மட்டும் மிடி (மின்னணு இசைக்கருவிகளின் பொதுக் குறியீட்டு மொழி) செய்திகளாகக் குறித்துக்கொள்கிறது. அதனால்தான் வாசித்து முடித்த பிறகும் பியானோவைப் புல்லாங்குழலாக மாற்றலாம், பிசகிய ஒரே ஒரு சுரத்தை மட்டும் நகர்த்தலாம். கணினி மென்பொருளுக்குப் போகும் முன் ஒரு முழுப் பாட்டையாவது இதில் முடித்துவிடுங்கள். கண்ணுக்கு அதிகம் தெரியாததால் காது கூர்மையாகும்.

1. புதிய பாட்டைத் திறந்ததும் தாள அமைப்பை (4/4 அல்லது 3/4) முடிவு செய்யுங்கள். பிறகு மாற்றினால் பார்களை (ஒவ்வொரு தாளச் சுற்றையும்) பிரிக்கும் கோடுகள் எல்லாம் இடம் மாறிவிடும். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்; 80இல் வாசித்துப் பதிந்ததை 110இல் ஒலிக்கவிடலாம், சுருதி மாறாது.

2. தாளத்தை முதலில் பதியுங்கள். பொது மிடி முறையில் 10ஆம் சேனல் (ஒவ்வொரு கருவியின் செய்திகளும் போகும் தனி வழி) தாளக் கருவிகளுக்கு உரியது. அதன் மேல் பேஸ், கார்டுகள், கடைசியில் மெலடி. மெட்ரோனோமை மட்டும் கேட்டு மெலடியை முதலில் வாசித்தால் உயிரில்லாமல் இருக்கும்.

3. ஒரு பகுதி மட்டும் சரியில்லை என்றால் முழு ட்ராக்கையும் அழிக்காதீர்கள். 9ஆம் பாரிலிருந்து 12 வரை என்று எல்லை குறித்து, பஞ்ச் முறையில் அதை மட்டும் மீண்டும் வாசியுங்கள். ஓவர்டப் முறை இதற்கு உதவாது. அது பழையதன் மேல் புதியதைச் சேர்க்கும்.

நான் நெடுநேரம் நின்றுவிட்ட இடம் இதுதான். பஞ்ச் செய்த பிறகு 9ஆம் பாரிலிருந்து எல்லாச் சுரங்களும் ஒன்றோடொன்று குழைந்து ஒலித்தன. சுரங்களைப் பார்த்தால் எல்லாம் சரி. காரணம், மிதித்திருக்கும் வரை சுரங்களை நீட்டி ஒலிக்கவிடும் சஸ்டெயின் பெடல். அதை மிதிப்பதும் விடுவதும் 64ஆம் எண் கன்ட்ரோல் செய்தியாகப் பதிவாகின்றன: மிதித்தால் 127, விட்டால் 0. பெடலை 8ஆம் பாரில் மிதித்து 9இல் விட்டிருந்தால், பஞ்ச் செய்யும்போது அந்த 0 அழிந்துவிடுகிறது; பெடல் மிதித்தபடியே நிற்கிறது. பதிவான செய்திகளை வரிசையாகக் காட்டும் ஈவென்ட் பட்டியலைத் திறந்து, 9ஆம் பாரின் தொடக்கத்தில் 64க்கு 0 என்று ஒரு செய்தியைச் சேர்த்தால் தீர்ந்தது. இப்போதெல்லாம் பெடல் விட்டிருக்கும் இடத்தில்தான் எல்லையையே குறிக்கிறேன்.

4. குவாண்டைஸ், அதாவது முன்பின்னாக விழுந்த சுரங்களைத் தாளக் கட்டத்தின் அருகிலுள்ள புள்ளிக்கு நகர்த்துவது, கடைசி வேலை. எந்த அளவு என்பதுதான் முக்கியம். ஒரு கால் நோட்டுக்கு 480 டிக் (சீக்வென்சர் நேரத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) கொண்ட கருவியில் பதினாறாம் நோட்டு 120 டிக். மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையில் ஒவ்வொரு பங்கும் 160. திஸ்ரத்தில் வாசித்ததைப் பதினாறாம் நோட்டுக்குக் குவாண்டைஸ் செய்தால் 160இல் இருந்தது 120க்கும், 320இல் இருந்தது 360க்கும் தாவி நடையே சிதைந்துவிடும். குவாண்டைஸின் வலிமையை (சுரத்தை எவ்வளவு தூரம் நகர்த்துவது என்பதை) குறைக்கும் வசதி இருந்தால் பாதிக்குச் சற்று மேல் வையுங்கள். மெலடிக்கு நான் குவாண்டைஸ் போடுவதே இல்லை.

5. சேமியுங்கள். சில கருவிகளில் அணைத்ததும் பாட்டு போய்விடும். கருவியின் சொந்த வடிவில் ஒரு பிரதி, மிடி கோப்பாக இன்னொன்று. மிடியில் 1ஆம் வகையைத் தேர்ந்தெடுங்கள். 0ஆம் வகை எல்லா ட்ராக்குகளையும் ஒன்றாக்கிவிடும்.

பின்சேர்க்கை: மிடி கோப்பை வேறு கீபோர்டில் போட்டால் எல்லாமே பியானோவாக ஒலிக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். வாய்ஸை (பியானோ, புல்லாங்குழல் போன்ற ஒலியை) தேர்ந்தெடுக்கும் புரோகிராம் சேஞ்ச் செய்தி கோப்பில் பதிவாகவில்லை என்றால் இப்படி ஆகும். முதல் பாரைக் காலியாக விட்டு, ஒவ்வொரு சேனலுக்கும் வாய்ஸ், ஒலி அளவு இரண்டையும் அங்கே சில டிக் இடைவெளியில் எழுதுங்கள். பாட்டு 2ஆம் பாரில் தொடங்கட்டும்.