டைம்ஷீட்டை ரெட்மைனில் ஏற்ற ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட்

நாள் முழுக்க எந்த இஷ்யூவில் (பதிவான ஒரு வேலை) எவ்வளவு நேரம் போனது என்பதை ஒரு ஷீட்டில் குறித்துக்கொள்வது என் வழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதையே வரிவரியாக ரெட்மைன் என்ற புராஜெக்ட் மேலாண்மை மென்பொருளில் மறுபடி தட்ட வேண்டும். எல்லாரும் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் முப்பது வரி! புதிய ரெட்மைனில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வரிகள் கொண்ட கோப்பு) இறக்குமதி வசதி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாராவாரம் பக்கம் பக்கமாகக் கிளிக் செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

பைதானும், இணையம் வழியே தகவல் அனுப்பும் அதன் ரிக்வெஸ்ட்ஸ் நூலகமும் உங்கள் கணினியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். டெர்மினலில் ஓடும் பாஷும் கர்லும் போதாதா என்று கேட்பவர்களுக்கு: குறிப்பில் ஒரே ஒரு காற்புள்ளி வந்தாலும் பாஷில் வரியைப் பிரிக்கத் திண்டாட வேண்டும். பைதானின் சிஎஸ்வி மாட்யூல் அதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

1. சாவி

உங்கள் அட்மினிடம் செட்டிங்ஸில் ஏபிஐ தாவலுக்குப் போய் ரெஸ்ட் சேவையை (பிற நிரல்கள் ரெட்மைனோடு பேசும் வழி) இயக்கச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் 'மை அக்கவுண்ட்' பக்கத்தின் ஓரத்தில் ஏபிஐ சாவி கிடைக்கும், ஸ்கிரிப்ட்டுக்கு இதுதான் கடவுச்சொல் மாதிரி. அதை ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதாமல் என்விரான்மென்ட் வேரியபிளில் (கோப்புக்கு வெளியே கணினி வைத்திருக்கும் மதிப்பு) வையுங்கள்.

2. நெடுவரிசைகள்

ஷீட்டைச் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது இவை இருக்க வேண்டும்: தேதி, இஷ்யூ எண், மணி, ஆக்டிவிட்டி (வேலையின் வகை), குறிப்பு. தேதி 2024-03-11 என்ற வடிவில்தான் இருக்க வேண்டும். ஆக்டிவிட்டிக்குப் பெயர் செல்லாது, அதன் எண் வேண்டும். அந்த எண் சர்வருக்குச் சர்வர் மாறும் என்பதால், ஏபிஐயின் எனுமரேஷன்ஸ் முகவரியில் ஒருமுறை பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. மணி: நான் விழுந்த குழி

ஏழரை மணி நேரத்தை நான் 7.30 என்றுதான் எழுதுவேன். நம்மில் பலரும் அப்படித்தான். ரெட்மைனுக்கு அது 7.3 மணி, அதாவது 7 மணி 18 நிமிடம். பன்னிரண்டு நிமிடம் காணாமல் போகும், ஒரு எச்சரிக்கைகூட வராது. ஐந்து நாளில் ஒரு மணி நேரம்! 8.45 என்று எழுதினால் இன்னும் மோசம், 18 நிமிடம் போய்விடும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. முதலில் என் லூப்பில் பிழை என்று நினைத்து ஒரு மாலை முழுக்க அதைக் குடைந்துகொண்டிருந்தேன்.

இப்போது ஷீட்டில் 7:30 என்று மட்டுமே எழுதுகிறேன். ஸ்கிரிப்ட் முக்காற்புள்ளியில் பிரித்து, நிமிடத்தை 60ஆல் வகுத்து, 7.5 என்று அனுப்பும். மணியில் புள்ளி தெரிந்தால் அந்த வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கெடுபிடிதான், இருக்கட்டும்.

4. அனுப்புதல்

ஒவ்வொரு வரியையும் ஜேசனாக்கி (நிரல்கள் பரிமாறிக்கொள்ளும் தகவல் வடிவம்) ஏபிஐயின் டைம் என்ட்ரீஸ் முகவரிக்குப் போஸ்ட் செய்யுங்கள். சர்வரின் பதில் குறியீடாக 201 வந்தால் பதிவாகிவிட்டது. 422 வந்தால் பதிலிலேயே காரணம் இருக்கும், அதை அப்படியே அச்சிடுங்கள்.

சும்மா ஓட்டினால் என் ஸ்கிரிப்ட் எதையும் அனுப்பாது, வரிகளைக் காட்டும், அவ்வளவுதான். நிஜமாக அனுப்ப '--அனுப்பு' என்று சேர்க்க வேண்டும். ஆம், கட்டளை வரியைப் படிக்கும் பைதானின் ஆர்க்பார்ஸ் மாட்யூல் தமிழை ஏற்கிறது!

5. இரண்டு முறை ஓடினால்?

பாதியில் நெட் போய், மறுபடி ஓட்டினால் முதல் பாதி இரட்டிப்பாகிவிடும். ரெட்மைன் அதைத் தடுக்காது. அதனால் 201உடன் திரும்பி வரும் பதிவு எண்ணை ஆறாவது நெடுவரிசையில் உடனுக்குடன் எழுதிவிடுங்கள். எண் இருக்கும் வரியை ஸ்கிரிப்ட் தாண்டிப் போகட்டும்.

பிற்சேர்க்கை: முதல் நெடுவரிசையே இல்லை என்று பைதான் அடம்பிடிப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். எக்செல்லில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். நான் லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துவதால் இது என் கண்ணில் படவே இல்லை.

இன்னொன்று: குழு முழுவதற்கும் ஏற்ற முடியுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். முடியும். ஒரு வழி: சாவி அட்மினுடையதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் ஸ்விட்ச் யூசர் ஹெடரில் (கோரிக்கையோடு போகும் கூடுதல் தகவல்) அந்த நபரின் லாகின் பெயர் போக வேண்டும். அவருக்கு அந்தப் புராஜெக்ட்டில் நேரம் பதியும் உரிமையும் வேண்டும். ஹெடரை மறந்தால் எல்லாருடைய உழைப்பும் அட்மின் கணக்கில் ஏறிவிடும்.