87 என்ற எண்ணின் இயல்புகளைக் கண்டறியும் முறை

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடும் பேருந்துகளின் வழி இலக்கமான 87, இரட்டை எண்ணாகவோ 5 இல் முடிவதாகவோ இல்லாததால், பார்த்த மாத்திரத்தில் முதன்மை எண் போலவே தோன்றும். ஓர் எண்ணை வகைப்படுத்தப் பழகுவோருக்கு இத்தகைய எண்ணே ஏற்றது. தரம் 7 அளவிலான கணித அறிவும் ஒரு தாளும் பேனாவும் போதும்.

முதலில் இலக்கச் சுட்டியைக் காண்போம். 8 + 7 = 15, 1 + 5 = 6. இலக்கச் சுட்டி 6 ஆக இருப்பதால் 87 ஆனது 3 ஆல் மீதியின்றி வகுபடும். 9 ஆல் வகுபடாது. வகுத்தால் 29 கிடைக்கிறது. 29 இன் வர்க்கமூலம் 6 இலும் குறைவு என்பதால் அதனை 2, 3, 5 ஆகியவற்றால் மட்டும் வகுத்துப் பார்த்தாற் போதும். மூன்றுமே மீதி தருவதால் 29 முதன்மை எண்ணாகும். ஆகவே 87 = 3 × 29, அதாவது சரியாக இரண்டு முதன்மை எண்களின் பெருக்கமாக அமைந்த ஒரு சேர்த்தி எண்.

இரண்டாவதாக, காரணிகளைக் கூட்ட வேண்டும். 87 ஐத் தவிர்த்த ஏனைய காரணிகள் 1, 3, 29; கூட்டுத்தொகை 33. இது 87 இலும் குறைவாதலால் இது குறைவெண்.

முக்கோண எண்ணா, அதாவது 1 + 2 + 3 + … எனத் தொடர்ந்து கூட்டி வருவதா என அறிய, 8 ஆல் பெருக்கி 1 ஐக் கூட்டுக. வரும் 697 நிறைவர்க்கம் அன்று. எனவே முக்கோண எண்ணும் அன்று. 0, 1 ஆகிய இலக்கங்களால் மட்டும் எழுதும் துவித வடிவம் 1010111. இவை இரண்டும் பயிற்சிக்கு உதவுமேயன்றி, 87 இன் தனித்தன்மையைக் காட்டுவன அல்ல.

அத்தனித்தன்மை வர்க்கங்களில் இருக்கிறது. முதல் நான்கு முதன்மை எண்களின் வர்க்கங்களைக் கூட்டுக: 4 + 9 + 25 + 49 = 87. எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் எனக் கணிதவியலாளர் லக்ராஞ்சு 1770 இல் நிறுவினார். பல எண்களுக்கு மூன்றோ அதற்குக் குறைவோ போதும். 87 க்கு மூன்று போதுமா?

ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 8 ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1. இரட்டை எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 0 அல்லது 4. 0, 1, 4 ஆகியவற்றுள் எந்த மூன்றை, ஒன்றையே மீண்டும் எடுத்தாயினும், கூட்டி 8 ஆல் வகுத்தாலும் மீதி 7 வராது; ஆனால் 87 = 80 + 7. ஆகவே நான்கு வர்க்கங்கள் கட்டாயம் வேண்டும். இவ்வளவு எளிய கணக்கில் இத்தனை உறுதியான முடிவு கிடைப்பது அரிது.

மீதி 7 ஆக இல்லாவிட்டால் மூன்று போதும் என்று மட்டும் கொள்ளலாகாது. 87 இன் நான்கு மடங்கான 348 ஐ 8 ஆல் வகுத்தால் மீதி 4. எனினும் அதற்கும் நான்கு வர்க்கங்கள் தேவை. மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகை 4 ஆல் வகுபடுமாயின் அம்மூன்றும் இரட்டை எண்களின் வர்க்கங்களாகவே இருக்க வேண்டும் என்பதைக் காட்டி, அவ்வெண்களைப் பாதியாக்கிப் பார்த்தால் காரணம் புலப்படும்.