குப்பை போகும் இடத்தைப் பார்க்கப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் கூட்டம் குப்பையை உரமாக்கும் எங்கள் ஊர் நுண் உர மையத்தில் பதினோரு மணிக்கு வந்து இறங்கியது. தரையைக் கழுவியாகிவிட்டது, பணியாளர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் சுற்றிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். முதல் தடவை நானும் இப்படித்தான் அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். முகக்கவசம், செருப்புக்குப் பதில் ஷூ என்பதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேரம் தவறிப் போவது

வண்டி வந்து கொட்டும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். அதற்குக் காலையிலேயே போக வேண்டும்.

ஒரு வண்டியை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிகிறது. முதல் தடவை போனபோது ஒரு வண்டியிலிருந்து ஈரக் குப்பையும் காய்ந்த குப்பையும் ஒன்றாக விழுவதைப் பார்த்தேன். அன்று மாலையே தெருவில் சொல்லிவிட்டேன்: “நாம் பிரித்துக் கொடுப்பது வீண், அங்கே எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள்.” ஒரே வாரத்தில் பச்சை வாளியும் நீல வாளியும் ஒன்றாயின. பிரிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு நானே ஒரு சாக்கு கொடுத்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனபோதுதான் மேற்பார்வையாளர் விளக்கினார். நான் பார்த்தது கடைத்தெரு வண்டி. அந்தக் குப்பை கலந்தேதான் வரும், கையால்தான் பிரிப்பார்கள். நானோ கொட்டியதைப் பார்த்த கையோடு கிளம்பிவிட்டேன், பிரிக்கும் இடம் வரை போகவில்லை.

அன்று எங்கள் தெரு வண்டியும் வந்தது. பிரிக்கும் அம்மா ஒரு கறுப்புப் பையைக் கிழித்தார். சாம்பார் ஊறிய சோற்றுக்குள் உடைந்த பல்பும் இன்சுலின் ஊசியும் கிடந்தன. அவர் கையுறையின் விரல்நுனி சிவந்தது. உங்கள் தெருக் குப்பை முன்பெல்லாம் சுத்தமாக வருமே சார் என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

2016 திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். குழம்பு பட்ட காகிதத்தைப் பழைய காகிதக் கடைக்காரர் தொடமாட்டார். வெறுங்காலோடு இறங்கி நாற்று நடும் வயலில் கண்ணாடிச் சில்லு கலந்த உரத்தை எந்த விவசாயி போடுவார்? வீடு வீடாக ஏறி இறங்கித் தெருவைப் பழையபடி பிரிக்க வைக்க எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. இரண்டு வீடுகள் இன்னும் திருந்தவில்லை.

ஆகவே மூன்று நாளாவது போங்கள். எந்த வண்டி எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பிரித்துக் கொடுத்த குப்பையை வண்டியில் கலப்பதும் நடக்கத்தான் செய்கிறது. அப்படியானால் வண்டி எண்ணையும் தேதியையும் குறித்து நகராட்சியில் புகார் கொடுங்கள், வாட்சப்பில் போடாதீர்கள்.

குப்பை மலையை மட்டும் பார்ப்பது

திருச்சி அரியமங்கலம் போன்ற பழைய குப்பைக் கிடங்கைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். அதைக் கரைக்கும் வேலையைப் பாருங்கள். பழைய குப்பையைத் தோண்டி, உலர்த்தி, சுழலும் சல்லடையில் சலிக்கிறார்கள். மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் துணியும் இன்னொரு பக்கம் விழும். பிளாஸ்டிக்கும் துணியும் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும். ஒவ்வொரு குவியலும் எங்கே போகிறது என்று கேட்காமல் திரும்பாதீர்கள்.

வெயில் நாளாகப் பார்த்துப் போவது

ஐப்பசி மழையில் போங்கள். குப்பையடியிலிருந்து கசியும் கறுப்பு நீர் எந்த வாய்க்காலை நோக்கி ஓடுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

முகூர்த்தத்துக்கு மறுநாளைத் தவறவிடுவது

கல்யாண மண்டபத்து வண்டிக்காகக் காத்திருங்கள். வாழை இலையால் சிக்கல் இல்லை, வெட்டிப் போட்டால் சீக்கிரம் மக்கிவிடும். ஆனால் ஒவ்வொரு இலை மடிப்புக்குள்ளும் ஒரு பாயசக் கப் இருக்கும். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கும் தடை வந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியாது.

கேட்காமல் படம் எடுப்பது

கூடாது.

உரம் கேட்கக் கூச்சப்படுவது

கேளுங்கள். நன்றாக மக்கிய உரத்தில் மழை பெய்த மண்ணின் வாசம்தான் வரும், நாற்றம் வராது. சாக்கு மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.