சிபேப் வாங்கக் கிளம்பும் முன் மூக்கை அளந்துகொள்ளுங்கள்

போன மாதம் பெரம்பூரிலிருந்து சித்தப்பா பையன் போன் செய்தான். "ண்ணா, மெஷின் வாங்கிட்டேன். 58,000 சொன்னாங்க, பேசி 54க்கு முடிச்சேன். மாஸ்க் ஃப்ரீ!" அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே பெருமையோடு, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், வீட்டில் சொன்னவன்தான். அந்த ஃப்ரீ மாஸ்க் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற வியாதிக்காக சிபேப், அதாவது முகத்தில் மாட்டும் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதும் மெஷின், வாங்கப் போகிறவர்கள், ஆபீஸிலும் எங்கள் ஃப்ளாட்டிலுமாக ஏழெட்டுப் பேர் இதுவரை என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் வாங்கிய பிறகுதான் வருவார்கள், அது வேறு விஷயம். ஸ்லீப் ஸ்டடி எடுக்காமல் வாங்காதே, பில் இல்லாமல் வாங்காதே, வாரண்டி கார்டில் சீல் போட்டு வாங்கு என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு தூரம் வந்தவருக்கு அது தெரிந்திருக்கும்.

ரிப்போர்ட் வந்த அன்றே வாங்குவது

வீட்டிலேயே டெஸ்ட் எடுக்க வந்தார்கள். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை. ரிப்போர்ட்டில் ஏஎச்ஐ என்று ஓர் எண் இருக்கும். ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்கிற கணக்கு அது. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. எனக்கு 41. மணிக்கு நாற்பத்தொரு தடவை என்று படித்தால் யாருக்கும் உள்ளே சில்லென்றுதான் இருக்கும், அந்தப் பயத்தில்தான் பர்ஸ் திறக்கிறது. டெஸ்ட்டுக்கு வந்த அதே பையனின் பையிலேயே மெஷின் படம் போட்ட நோட்டீஸும் இருந்தது. சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

30க்கு மேல் போனவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாதுதான். ஆனால் சிகிச்சையை ஆரம்பிப்பது வேறு, மெஷினைச் சொந்தமாக்கிக்கொள்வது வேறு. சென்னையில் மாத வாடகைக்கு மெஷின் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துத் தூங்கிப் பாருங்கள், வாடகையை விலையில் கழித்துக்கொள்வீர்களா என்றும் கேளுங்கள். சிலர் சம்மதிப்பார்கள்.

மாஸ்க்கை இனாமாக வாங்குவது

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

கடையில் நான் முக்கால் மணி நேரம் மெஷினைப் பற்றியே கேட்டேன். சத்தம் எவ்வளவு, ஸ்கிரீன் கலரா, போனில் ஆப் வருமா. மாஸ்க்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விற்றவர் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். என் உடம்பைப் பார்த்தார் என்பதுதான் சரி. "சாருக்கு லார்ஜ்தான்" என்று சொல்லி, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற முழு முகமூடி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அப்போது எனக்கு 94 கிலோ. மாஸ்க் சைஸுக்கும் தொப்பைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அன்றைக்கு அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முழு முகமூடிக்கு, மூக்குத்தண்டிலிருந்து கீழுதட்டுக்குக் கீழே வரை உள்ள நீளத்தைத்தான் அளக்க வேண்டும். மூக்கு மாஸ்க் என்றால் மூக்கின் அகலம் முக்கியம். பல கம்பெனிகள் அதற்கென்றே ஓட்டை போட்ட ஓர் அளவு அட்டை தருகின்றன. நம் கடைக்காரரிடமும் இருக்கும், மேஜை டிராயரில்.

முதல் ராத்திரி ஒரு மணிக்கு என் மனைவி எழுப்பினாள். கன்னத்துப் பக்கமாகக் காற்று பிய்த்துக்கொண்டு போய், திருவிழாவில் குழந்தை பீப்பீ ஊதுவது மாதிரி சத்தம். நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான். பின்னாலிருந்த பட்டையை இழுத்து இறுக்கினேன். சத்தம் இடம் மாறியது. இப்போது காற்று நேராகக் கண்ணுக்குள் அடித்தது. இன்னும் இறுக்கினேன். இந்த மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் சிலிக்கான் பல மாடல்களில் இரண்டு அடுக்காக இருக்கும். மெல்லிய உள்மடிப்பு காற்றில் உப்பி முகத்தோடு ஒட்டினால்தான் லீக் நிற்கும். இறுக்கினால் அந்த மடிப்பு நசுங்கிப் போகும், லீக் கூடும். இது தெரியாமல் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு நூல் இறுக்கி, பத்தாவது நாள் மூக்குத்தண்டில் புண்ணே வந்துவிட்டது. ஆபீஸில் "என்ன சார், புதுக் கண்ணாடியா?" என்று கேட்டார்கள்.

இதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஆட்டோ மெஷின் உங்கள் மூச்சின் ஓட்டத்தைப் பார்த்துத்தான் ப்ரெஷரைக் கூட்டிக் குறைக்கிறது. லீக் அதிகமாகிவிட்டால் அதனால் மூச்சைச் சரியாகப் படிக்க முடியாது. அடைப்பு இருக்கிறது என்று ப்ரெஷரைக் கூட்டும், ப்ரெஷர் கூடியதும் மாஸ்க் முகத்திலிருந்து இன்னும் தூக்கும், லீக் இன்னும் ஏறும். பரவலாக விற்கும் ரெஸ்மெட் மெஷின்களில் லீக் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் போச்சு என்று கணக்கு. என்னுடைய மெஷினில் லீக் என்று ஒரு பக்கம் இருப்பதையே நான் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து டாக்டர் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தார். ஏஎச்ஐ 5க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். எனக்கு 19. "மெஷின் போட்டுக்கிட்டா 19?" என்றார். எனக்கு மெஷின் மேல்தான் கோபம் வந்தது. இந்த மாடலே சரியில்லை என்று முடிவு கட்டி, பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் சிக்னலில் பைக்கை நிறுத்தினால் கண் சொக்கும், அலாரத்துக்குத் தலைவலியோடுதான் எழுந்திருப்பேன்.

அப்புறம் வேறொரு கடையில் ஒரு பெண் டெக்னீஷியன், விற்கும் அவசரமே இல்லாமல், என்னை அங்கிருந்த கட்டிலில் படுக்கச் சொன்னார். அட்டையை வைத்து மூக்கை அளந்தார், மீடியம் மூக்கு மாஸ்க் ஒன்றை மாட்டி, ப்ரெஷரை 12இல் வைத்து, இடது பக்கம் திரும்புங்கள், வலது பக்கம் திரும்புங்கள், வாயைத் திறங்கள் என்று பத்து நிமிஷம் பார்த்தார். பட்டைக்கும் தலைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக இருந்தது, ஒரு சத்தம் இல்லை. மாஸ்க் 6,500 ரூபாய். அன்று ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினேன். மெஷின் அதே பழைய மெஷின்தான்.

இந்தச் சிகிச்சையைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன், 1980இல் சிட்னியில் முதல் நோயாளிக்குப் போட்டுப் பார்த்து, 1981இல் அதைப் பற்றி எழுதினார். அந்த ஆரம்ப நாட்களில் ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்சு எடுத்துத் தனித்தனியாக மாஸ்க் செய்து, சிலிக்கான் பசை வைத்து ஒட்டித் தூங்க வைத்திருக்கிறார்கள். நமக்கு ஒரு சைஸ் அளக்கக்கூடப் பொறுமை இல்லை.

ஆகவே, உட்கார்ந்தபடி மாட்டிப் பார்த்து மாஸ்க் வாங்காதீர்கள். படுத்தால் கன்னத்துச் சதை சரிகிறது, முகமே மாறிப்போகிறது. உங்களுக்கு வரும் ப்ரெஷரில், படுத்துப் புரண்டு பார்த்து வாங்குங்கள். சீல் உடைத்த மாஸ்க்கைத் திருப்பி எடுக்கமாட்டார்கள், அதனால் முகத்தில் படும் அந்தச் சிலிக்கான் குஷன் மூன்று சைஸிலும் சேர்ந்து வருகிற பெட்டி கிடைக்குமா என்று கேளுங்கள். வாயை மூடி மூக்கால் மட்டும் ஐந்து நிமிஷம் மூச்சு விட முடிகிறதா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பெரும்பாலும் மூக்கு மாஸ்க்கே போதும், முடியாவிட்டால் முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். இன்னொன்று, முகத்தைக் கழுவிவிட்டுப் போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் சிலிக்கான் வழுக்கும். எங்கள் ஃப்ளாட் பெரியவர் ஒருவருக்கு லீக்குக்குக் காரணம், ராத்திரி பூஜைக்குப் பிறகு நெற்றியிலிருந்து மூக்கில் கொட்டிய விபூதி.

மாஸ்க் ஓட்டையை அடைப்பது

சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன். மாஸ்க்கின் முன்னால் இருக்கும் சின்னச் சின்னத் துளைகளில் வரும் காற்று பக்கத்தில் படுப்பவர் மேல் அடிக்கிறது என்று ஒருவர் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். நீங்கள் விடும் மூச்சு வெளியே போவதற்கான வழி அது. அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீர்கள். ஆபத்து.

4 முதல் 20 வரை அப்படியே விடுவது

ஆட்டோ மெஷின்கள் பெரும்பாலும் கம்பெனியிலிருந்து இந்த ப்ரெஷர் அளவில்தான் வரும். 4இல் பலருக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், ஏதோ மெஷின் கழுத்தை நெரிக்கிறது என்று கழற்றி எறிவார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துக் குறைந்தபட்ச அளவை ஏற்றச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். நீங்களே திருகாதீர்கள்.

பழைய மெஷின் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது

2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி தன் பழைய மாடல்கள் பலவற்றைத் திரும்ப அழைத்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப் பஞ்சு சிதைந்து, துகளும் வாயுவும் காற்றோடு போகலாம் என்பது காரணம். அந்த மாடல்கள் யாராவது பரணிலிருந்து இறக்கி விற்கும் பட்டியலில் இன்னும் இருக்கக்கூடும். மாடல் பெயரையும் சீரியல் நம்பரையும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஓடிய மணி நேரத்தையும் பாருங்கள், மெனுவில் இருக்கும்.

கேன் தண்ணீர்

காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரில் ஊற்றாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவது வேறு. போர் தண்ணீர் ஊற்றினால் ஒரே மாதத்தில் ஹியூமிடிஃபையர் தட்டு, உப்பு படிந்த பக்கெட் மாதிரி ஆகிவிடும்.

ஏசி 20இல், ட்யூபில் மழை

விடிகாலை மூன்று மணிக்கு மூக்கில் தண்ணீர் தெளித்து எழுந்தால் பேய் இல்லை. சூடான ஈரக் காற்று குளிர்ந்த ட்யூபில் போகும்போது தண்ணீராகிறது. ஏசியைக் கொஞ்சம் ஏற்றுங்கள், ஹியூமிடிஃபையரை ஒரு நம்பர் குறையுங்கள், மெஷினைத் தலைமாட்டைவிடத் தாழ்வாக வையுங்கள். தண்ணீர் திரும்ப மெஷின் பக்கம் இறங்கும். வெறும் ஃபேனில் தூங்குகிறவருக்குச் சென்னைப் புழுக்கத்தில் ஹியூமிடிஃபையர் பல நாள் தேவையே படாது.

கரண்ட்டை மறப்பது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. முதல் ராத்திரி ஃபேன், லைட், சிபேப், எல்லாருடைய போன் சார்ஜரும் என்று ஓட்டி, காலை நான்கு மணிக்கு இன்வெர்ட்டர் கத்தியது. அடுத்த ராத்திரி போன மாதிரிதான் என்று நினைத்தேன். பகலில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டர் வந்தபோது பேட்டரி கொஞ்சம் ஏறியது. அதன்பிறகு ஃபேனை அணைத்து, ஹியூமிடிஃபையரையும் அணைத்து, மெஷினை மட்டும் ஓட்டினேன். விடிந்தும் பேட்டரியில் மிச்சம் இருந்தது. மெஷினில் கரண்ட்டைத் தின்பது சூடாக்கும் பாகம்தான், காற்று ஊதும் மோட்டார் கொஞ்சமாகத்தான் எடுக்கும். வாங்கும்போதே இன்வெர்ட்டர், வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகத் தரும் சைன் வேவ் வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ்

பெரும்பாலும் வராது. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஓசோன் விட்டுச் சுத்தம் செய்யும் பெட்டி

வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும்.

மீசையை எடுப்பது

பெரம்பூர்த் தம்பி கடைசியாகக் கேட்டது இது. மேலுதட்டில் அடர்ந்த மீசை இருந்தால் மாஸ்க் விளிம்பு சரியாக ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் மூக்குத் துவாரத்திலேயே உட்காரும் பில்லோ மாஸ்க்குக்கு மீசை அவ்வளவு குறுக்கே நிற்காது. ப்ரெஷர் ரொம்ப அதிகம் தேவைப்படுகிறவர்களுக்கு அது சிலசமயம் ஒத்துவராது. இவனுக்கு 10க்குள்தான். ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்து மாட்டிப் பார்த்து வாங்கினோம். காலேஜ் நாளிலிருந்து வைத்திருக்கும் மீசை, அப்படியே இருக்கிறது. ஃப்ரீ மாஸ்க்கைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை.